இறால் ஓட்டு வெண்ணெயில் பங்குனிப் பிஞ்சுக் காய்கள்

இறாலின் மணம் சதையில் இருப்பதைவிடத் தலையிலும் ஓட்டிலும்தான் அதிகம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் இறால் ஆய்ந்து கொடுக்கும் அக்காக்கள் அதையெல்லாம் ஒரே தள்ளாகக் கூடையில் தள்ளிவிடுவார்கள். "தலையும் ஓடும் தனியா போட்டுக் குடுங்கக்கா" என்று ஆயத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் அதற்குள் மற்ற மீன் குடலோடு கலந்திருக்கும். அந்த ஓட்டின் சாரத்தை வெண்ணெயில் இறக்கி, அந்தச் சிவந்த வெண்ணெயைச் சாஸாக அடித்து, மாசி பங்குனியில் கிடைக்கும் பிஞ்சுக் காய்களோடு சேர்ப்பதுதான் இங்கே செய்முறை. நான்கு ஈடு போட்டுப் பார்த்த அளவுகள் இவை. முதல் இரண்டு ஈடும் கெட்டன. ஏன் கெட்டன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறோம்.

ஓட்டுக்கு வெண்ணெய் எதற்கு என்றால், நிறமும் மணமும் தண்ணீருக்குப் பிடிகொடுக்காது. இறால் ஓட்டில் இருக்கும் சிவப்பு நிறமிக்கு அஸ்டாசாந்தின் என்று பெயர். பச்சை இறாலில் அது ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சாம்பலும் நீலமுமாகத் தெரியும். சூடு பட்டதும் புரதம் குலைந்து நிறமி விடுபடும். சட்டியில் போட்ட இறால் சிவப்பது அதனால்தான். இந்த நிறமி கொழுப்பில் மட்டுமே கரையும், வறுத்த ஓட்டின் வாசனையிலும் பெரும் பங்கு கொழுப்பில்தான் இறங்கும். இறால் குழம்பில் எண்ணெய் மட்டும் செம்மஞ்சளாக மேலே மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இறால் முழுசாக 700 கிராம் வாங்கினால் நான்கு பேருக்குப் போதும். தலையும் ஓடும் 250 முதல் 300 கிராம் வரை தேறும். கடலில் பிடித்த வெள்ளை இறால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகரிலும் காலையில் போனால் பார்த்து வாங்கலாம். வளர்ப்பு வனாமியின் ஓடு மெல்லியது, சாரமும் குறைவு. அதுதான் கிடைக்கிறது என்றால் ஓட்டை 350 கிராமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த இறாலானாலும் தலை உடம்போடு இறுக்கமாக நிற்க வேண்டும். தலை தொங்கினாலோ, ஓட்டில் கரும்புள்ளி விழுந்திருந்தாலோ, மூக்கருகே கொண்டுபோனால் அமோனியா நெடி அடித்தாலோ இந்தச் செய்முறைக்கு ஆகாது. குழம்பில் புளியும் மிளகாயும் அந்த நெடியை அமுக்கிவிடும். வெண்ணெயோ அதைக் கூட்டித்தான் காட்டும்.

காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை சித்திரை பிறந்த கையோடு ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும். அந்த நாட்களில் நாட்டுப் படகுகள் கரையோரம் பிடித்து வருவதும் வளர்ப்பு இறாலும்தான். ஆகவே பங்குனி முடிவதற்குள் ஓட்டைச் சேர்த்து உறையவைத்துவிடுவது நல்லது. கழுவி, துடைத்து, பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை குணம் குறையாது.

இனி ஓட்டைச் சுத்தம் செய்வது. தலையின் முன்பக்கம், கண்ணுக்குப் பின்னால், கறுப்பாகச் சின்னப் பை ஒன்று இருக்கும். அது இறாலின் இரைப்பை. மணலும் கசப்பும் அதற்குள்தான். கட்டைவிரல் நகத்தால் கீறினால் முழுசாக வந்துவிடும். அதன் பக்கத்தில் இருக்கும் செம்மஞ்சள் கொழுப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சாஸின் உயிர் அது. மீசையையும் ரம்பம் போன்ற மூக்கையும் கத்தரித்துவிடுங்கள். மீசை மெல்லியது என்பதால் மற்றதெல்லாம் வறுபடும் முன்பே கருகி முழுச் சட்டியையும் கசக்க வைக்கும். ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசிவிட்டு, துணியில் பரப்பி அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். ஈரம் இருந்தால் ஓடு வறுபடாது, வேகும்.

வெண்ணெய் 300 கிராம் வேண்டும், உப்பில்லாதது. 200 ஓட்டோடு காய, 100 அப்படியே தனியாக. மஞ்சள் டப்பா வெண்ணெயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு இருக்கும். ஓட்டுச் சாறு சுண்டச் சுண்ட அதிலும் உப்பு ஏறும் என்பதால் கடைசியில் திருத்த வழியில்லாமல் போய்விடும். பால்காரர் கொடுக்கும் உருண்டை வெண்ணெய் தயிர் கடைந்தெடுத்தது. லேசான புளிப்பு இந்தச் சாஸுக்குப் பொருந்தத்தான் செய்யும், ஆனால் தண்ணீர் நிறைய இருக்கும். துணியில் கட்டி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டு, எடைபோட்டு எடுங்கள்.

அடிகனமான வாணலியில் 20 கிராம் வெண்ணெயோடு ஓட்டைப் போட்டு நடுத்தரத் தீயில் வறுக்க வேண்டும். முதல் மூன்று நான்கு நிமிடம் சொய்யென்று ஈரச் சத்தம் வரும். பிறகு சத்தம் மாறும். கரண்டியால் புரட்டும்போது காய்ந்த சருகைக் கிளறுவதுபோலக் கலகலக்கும். அடியில் செம்பழுப்பாகப் பொருக்கு ஒட்டத் தொடங்கும். வாசனையில் கடல் வாடை பின்வாங்கி, வறுத்த நிலக்கடலை போன்ற ஒன்று முன்னுக்கு வரும். மொத்தம் 8 முதல் 10 நிமிடம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. வெறுமனே சிவந்ததோடு இறக்கிய ஓட்டுக்கு நிறம்தான் உண்டு, மணம் இல்லை. நறுக்கிய சின்ன வெங்காயம் ஆறு, நசுக்கிய பூண்டு இரண்டு பல், மிளகு பத்து சேர்த்து இன்னும் இரண்டு நிமிடம். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் வேண்டாம், இரண்டும் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

அடுப்பை அணைத்து, மரமத்தின் அடியால் ஓட்டை நன்றாக இடியுங்கள். மிக்ஸியில் போடுவதென்றால் விட்டுவிட்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். மாவாக அரைத்தால் சுண்ணாம்பு போன்ற பொடி துணியையும் தாண்டி வந்து நாக்கில் நெருடும்.

இப்போதுதான் முதல் ஈடு கெட்ட இடம். இடித்த ஓட்டில் மீதி வெண்ணெயைப் போட்டுச் சிறுதீயில் 40 நிமிடம் வைத்தோம். நிறம் பிரமாதமாக இறங்கியது. ஆனால் முகர்ந்தால் நெய் மணம். கடல் எங்கோ பின்னால் நின்றது. நெய் காய்ச்சியவர்களுக்குக் காரணம் உடனே புரியும். வெண்ணெயில் 100-க்கு 16 பங்கு போலத் தண்ணீர். அது இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சடசடப்பு அடங்கித் தண்ணீர் வற்றியதும் சூடு ஏறி, பால்மண்டி சிவந்து, நெய்யாகிவிடும். நெய் மணத்தின் முன்னால் இறால் மணம் நிற்காது.

தீர்வு எளிது: தண்ணீர் சேர்ப்பது. 180 கிராம் வெண்ணெயோடு 150 மில்லி தண்ணீரும் ஊற்றி, மூடியைப் பாதி திறந்து, ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வரும் அளவு தீயில் 30 நிமிடம் வைக்க வேண்டும். தண்ணீர் இருப்பதால் நெய்யாகாது, ஓடும் அடிப்பிடிக்காது. 30 நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். அதன்பின் ஓட்டிலிருந்து சுண்ணாம்புச் சுவைதான் இறங்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் வடிகட்டி முறுக்கிப் பிழியுங்கள். அதே ஓட்டின் மேல் 200 மில்லி வெந்நீர் ஊற்றி இன்னொரு முறை பிழிந்து அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டில் ஒட்டியிருந்த வெண்ணெய் இந்த இரண்டாம் பிழியலில்தான் வரும்.

பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம். மேலே செங்கல் நிறத்தில் வட்டமாக வெண்ணெய் உறைந்திருக்கும், கீழே கலங்கலான சாறு. ஓரத்தில் கத்தியால் ஒரு துளை போட்டுச் சாற்றை வடித்துவிட்டு, வட்டைத் திருப்பி, அடியில் ஒட்டிய வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுங்கள். சிவந்த வெண்ணெய் 130 கிராமுக்குக் குறையாமல் கிடைக்கும். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதைத் துணியில் இன்னொரு முறை வடிகட்டி, கொதிக்கவைத்து, மேலே வரும் நுரையை எடுத்து, 60 மில்லியாகச் சுண்டவைக்க வேண்டும். இறாலின் இனிப்பும் உப்பும் தண்ணீரில் கரைபவை, அவை இந்தச் சாற்றில் இருக்கின்றன. நிறமும் வறுத்த மணமும் வெண்ணெயில். இரண்டும் மறுபடி சேரும்போதுதான் முழு இறால்.

காய்க்கு வருவோம். மேலை நாட்டுச் சமையலில் இந்த வகைச் சாஸோடு வருவது வசந்தகாலத் தண்டுகளும் பட்டாணியும் குட்டிக் கேரட்டும். நம் பக்கம் அதே இளமை மாசி பங்குனியில் வேறு காய்களில் இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பச்சை முந்திரிப் பருப்பு 100 கிராம், வெள்ளரிப் பிஞ்சு 200, விரல் தடிமனுள்ள ஊட்டி கேரட் 200, பீன்ஸ் 150, உரித்த பட்டாணி 100, இலையோடு வரும் சின்ன முள்ளங்கி 150. எல்லாமும் ஒரே நாளில் கிடைக்க வேண்டியதில்லை. முந்திரியும் வெள்ளரிப் பிஞ்சும் மட்டும் இருந்தாலே இந்தத் தட்டு நிற்கும். எங்கள் கணிப்பில் அந்த இரண்டும்தான் இந்தச் சாஸுக்குப் பிறந்தவை. முந்திரி இனிப்பும் பால்தன்மையும் தருகிறது. வெள்ளரி தன் நீரால் வெண்ணெயின் கனத்தைக் குறைக்கிறது.

பச்சை முந்திரியை உடைக்காத கொட்டையாக வாங்கினால் கவனம். ஓட்டுப் பால் தோலில் பட்டால் வெந்து புண்ணாகும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அல்லது கையுறை போட்டுக்கொண்டு பிளக்க வேண்டும். பருப்பாகவே விற்பதை வாங்குவது உத்தமம். அதன் மேல்தோல் துவர்க்கும். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் விரலிடுக்கில் வழுக்கிக் கழன்றுவிடும். பிறகு உப்பு நீரில் 6 முதல் 8 நிமிடம் வேகவைத்தால் போதும். பல்லில் கடிபட வேண்டும், மாவாகக் கூடாது.

பச்சைக் காய்களுக்கு 3 லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பட்டாணி 2 நிமிடம், முள்ளங்கி 3, பீன்ஸ் 4, கேரட் 5 முதல் 6. மூடி போடக் கூடாது. காயிலிருந்து வெளியேறும் அமிலம் ஆவியோடு போகாமல் தண்ணீரிலேயே தங்கினால் பீன்ஸும் பட்டாணியும் பாசி நிறமாகிவிடும். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், காய் குழையும். அது வேண்டாம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் பட்டாணித் தோல் எவ்வளவு வெந்தாலும் விறைப்பாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்குவதுதான் காரணம். அங்கே கேன் தண்ணீர் பயன்படுத்துங்கள்.

வெந்ததும் பச்சைத் தண்ணீரில் போடுவது பங்குனியில் பயன்படாது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், வேக்காடு நிற்காது. ஒரு கிலோ ஐஸ் வேண்டும். இரண்டு நிமிடத்தில் எடுத்து, துணியில் பரப்பி, மேலேயும் துணியால் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் சாஸ் காயில் ஒட்டாமல் தட்டில் குளமாக நிற்கும். வெள்ளரிப் பிஞ்சை மட்டும் வேகவைக்காமல், நீளவாக்கில் நாலாக வகிர்ந்து, 10 கிராம் வெண்ணெயில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும்.

சாஸின் அடிப்படை பிரெஞ்சுக்காரர்களின் பேர் பிளாங், அதாவது வெள்ளை வெண்ணெய்ச் சாஸ். லுவார் ஆற்றுப் பகுதிக்காரர்களின் பதார்த்தம். அவர்கள் அதற்குப் போடும் வெங்காயம் நம் சின்ன வெங்காயத்தின் இனம்தான் என்பதால் இங்கே நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஐந்து வெங்காயத்தைக் கடுகளவுக்குப் பொடியாக நறுக்கி, 60 மில்லி வெள்ளை ஒயினில் அல்லது ஒரு மேசைக்கரண்டி தேங்காய் வினிகரும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும் கலந்ததில் போட்டு, ஈரம் ஒரு கரண்டி மிஞ்சும்வரை வற்றவிடுங்கள். செயற்கை வினிகரானால் அளவைப் பாதியாக்குங்கள். அதில் சுண்டிய ஓட்டுச் சாற்றை ஊற்றி, எல்லாம் சேர்ந்து மூன்று மேசைக்கரண்டி ஆகும்வரை வைத்து, தீயை ஆகக் குறைத்துவிடுங்கள்.

இரண்டாம் ஈடு இங்கே கெட்டது. சிவந்த வெண்ணெய் 100 கிராமையும் நேராக இதில் அடித்தோம். முதல் பாதிவரை கெட்டியாகச் சேர்ந்தது. பிறகு ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது, ஒரு நிமிடத்தில் முழுசும் பிரிந்தது. சூட்டைக் குறை சொல்ல முடியாது, தெர்மாமீட்டரில் 52 டிகிரிதான். கோளாறு வெண்ணெயில் இருந்தது. ஓட்டோடு காய்ந்து, உறைந்து, சுரண்டப்பட்ட சிவப்பு வெண்ணெயில் வெறும் கொழுப்புத்தான் மிச்சம். கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து நிறுத்துவது பச்சை வெண்ணெயில் உள்ள பால் புரதமும் அதோடு சேர்ந்த மற்றச் சரக்குகளும். அவை அந்தச் சாற்றோடும் வெள்ளைப் படிவோடும் போய்விட்டன.

அதனால் மூன்றாம் ஈட்டிலிருந்து விகிதம் மாறியது: உருக்காத வெண்ணெய் 60 கிராம், சிவப்பு வெண்ணெய் 40 கிராம். முதலில் உருக்காத வெண்ணெய். ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டி ஃப்ரிட்ஜிலேயே வைத்து, இரண்டு இரண்டு துண்டாக எடுத்துப் போட்டுக் கம்பி விஸ்கால் அடிக்க வேண்டும். பங்குனிச் சமையலறையில் மேடைமேல் வைத்த வெண்ணெய் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். தளர்ந்தது ஒரேயடியாக உருகிக் கலங்கிவிடும். குளிர்ந்தது மெல்ல உருகி, அடிக்க நேரம் கொடுக்கும். 60 கிராமும் சேர்ந்து சாஸ் இளம் மோர்க்குழம்பு பதத்துக்கு வந்ததும், சிவப்பு வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாகச் சேருங்கள். வெளிறிய சாஸ் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகும். கரண்டியின் பின்புறம் தோய்த்து விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

சூடு 50-க்கும் 55-க்கும் இடையில் நிற்கட்டும். 60-ஐத் தொட்டால் பிரியத் தொடங்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை இரண்டு விநாடி வைத்துப் பாருங்கள். அதற்குமேல் தாங்கவில்லை என்றால் உடனே அடுப்பிலிருந்து இறக்கி அடியுங்கள். ஓரத்தில் எண்ணெய்க் கோடு தெரிந்த கணமே ஒரு ஐஸ் துண்டைப் போட்டுச் சுழற்றி அடித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். முழுக்கப் பிரிந்துவிட்டால் வேறு பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலாடை எடுத்து, பிரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் அடித்துச் சேர்க்கலாம். சுவை கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் வெண்ணெய் வீணாகாது.

எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே. கொதியில் பட்டால் அதன் மணம் போய்விடும். உப்பு கடைசியில், நாக்கில் பார்த்து மட்டும்.

காய்களை அகலமான வாணலியில் இரண்டு கரண்டி வெந்நீரோடும் 10 கிராம் வெண்ணெயோடும் சூடாக்குங்கள். தண்ணீர் வற்றிக் காய் மினுங்கியதும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, சாஸில் பாதியை ஊற்றிக் குலுக்குங்கள். கொதிக்கும் வாணலியில் ஊற்றினால் இவ்வளவு பாடும் அங்கேயே பிரிந்துபோகும். மீதிச் சாஸ் தட்டின் மேல். ஆய்ந்த இறாலை ஒரு நிமிடம் பக்கத்துக்கு வாட்டி ஆளுக்கு நாலு வைக்கலாம். வைக்காவிட்டாலும் குறையில்லை.

ஒரு சேர்க்கை மட்டும் வலிந்தே சொல்லத் தோன்றுகிறது. தாளிப்பு வடகம் அரைத் தேக்கரண்டியை உதிர்த்து, ஒரு கரண்டி சிவப்பு வெண்ணெயில் பொரித்து மேலே தூவுங்கள். இந்த வடகம்தான் புதுச்சேரியிலிருந்து போய்ப் பிரெஞ்சுச் சமையலறைகளில் வதூவான் என்ற பெயரில் மசாலாவாக நிற்கிறது. வெண்ணெயும் கடலும் காயும் சேர்ந்த மென்மைக்கு நடுவே அதன் பூண்டும் வெந்தயமும் ஒரு காரமில்லாத உறைப்பு கொடுக்கும். நீளமான பிரெஞ்சு ரொட்டியோடும் நன்றாக இருக்கும், ஆவி பறக்கும் பச்சரிசிச் சோற்றோடு இன்னும் நன்றாக இருக்கும். ஏசி அறையில் பரிமாறுவதென்றால் தட்டை வெந்நீரில் சூடாக்கித் துடைத்து எடுங்கள். குளிர்ந்த தட்டில் வெண்ணெய் ஆடை கட்டிவிடும்.

பார்வைக்கு இது காய்கறித் தட்டு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பரிமாறும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓட்டிலிருந்து இறங்கியதே போதும், மூச்சுத் திணற வைத்துவிடும்.

அடித்த சாஸைச் சேமிக்க முடியாது, மறுபடி சூடாக்கினால் பிரியும். மீந்த சிவப்பு வெண்ணெய் 80 கிராம் போல இருக்கும். அதை 20 கிராம் துண்டுகளாக ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வெண்ணெய்த் தாளில் தனித்தனியே சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். தடைக்காலம் முழுக்க வரும். அதை அடிப்பதற்கு முன் அறைச் சூட்டுக்கு விடாமல், உறைந்தபடியே துருவிச் சேர்த்தால் இன்னும் சுலபமாகச் சேருகிறது. நான்காம் ஈடு முழுசும் அப்படித் துருவிச் சேர்த்ததுதான், ஒரு சொட்டும் பிரியவில்லை.